மில்க்‌ஷேக்குக்கு விரதம் கிடையாது

கடவுளைவிட எனக்குச் சட்டம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்று பதினொரு வயதில் நம்பிக்கொண்டிருந்த முட்டாள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அக்கா பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய வருடம். தேர்வும் தவக்காலமும் சேர்ந்தே வந்தன. அவள் நன்றாக எழுத வேண்டுமென்று, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்றே எங்கள் கருங்குழி வீட்டில் அம்மா எல்லோரிடமும் வாக்கு வாங்கினாள். ஈஸ்டர் வரை அம்மா சீரியல் பார்ப்பதில்லை, அப்பா காபி குடிப்பதில்லை, நான் சாக்லேட் தொடுவதில்லை.

"எவனாவது மீறி எனக்கு மார்க் கொறஞ்சுது, வூட்ல ஒருத்தரும் நிம்மதியா இருக்க மாட்டீங்கோ" என்றாள் அக்கா.

அப்பா சுற்றுலா வேன் ஓட்டுபவர். காபி நின்ற மூன்றாவது வாரம், மாமல்லபுரம் போக வேண்டிய கூட்டத்தை வழியில் திருவிடந்தையிலேயே இறக்கிவிட்டு, "கடலு கீதுல்ல, பாருங்க" என்றாராம். வீட்டில் ஃபேன் கடகடத்தாலும் என்னைத்தான் திட்டினார். அவரைக் காப்பாற்றியாக வேண்டும் என்று முடிவெடுத்தேன். சித்தப்பா வாங்கித் தந்த சாக்லேட் ஃப்ரிட்ஜில் முட்டைகளுக்குப் பின்னால் கிடந்ததும் அந்த இரக்கத்துக்கு ஒரு காரணம், மறைப்பானேன்?

சனிக்கிழமை மதியம், அம்மா துணி காயப்போட மாடிக்குப் போனாள். இன்ஸ்டன்ட் காபித்தூளை வெந்நீரில் கரைத்தேன். சாக்லேட்டை உடைத்து மிக்ஸி ஜாரில் போட்டு, குளிர்ந்த பால், சர்க்கரை, ஐஸ்கட்டி எல்லாம் சேர்த்தேன். மூடியை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் தெரியாது. முதல் சுற்றில் சுவர் கொஞ்சம் குடித்தது, என் சட்டை கொஞ்சம் குடித்தது.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். மூக்குதான் முதலில் வந்தது.

"இன்னாடா, காபி வாசன வருது?"

"காபி இல்லப்பா, மில்க்‌ஷேக். நீ காபிய வுட்ட, நான் சாக்லேட்ட வுட்டேன். மில்க்‌ஷேக்க யாரும் வுடலியே?"

அப்பா மேலே பார்த்தார். அங்கிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை.

"ஊத்து" என்றார்.

இரண்டாவது டம்ளரின்போது அம்மா வந்துவிட்டாள். பின்னாலேயே கணக்குப் புத்தகத்தோடு அக்கா. அப்பாவின் மீசையில் நுரை. நான் வாதத்தை மறுபடியும் எடுத்துவைத்தேன். "காபியா இல்லியான்னு நானே பாக்கறேன்" என்று டம்ளரை வாங்கிய அம்மா, பாதி காலியாகும்வரை பார்த்தாள். மீதியைப் பிடுங்கிக் குடித்த அக்கா, "காபின்னும் சொல்ல முடியல, சாக்லேட்டுன்னும் சொல்ல முடியல. வுட்டுடும்மா" என்று தீர்ப்பளித்தாள். அன்று மாலை தெருவில் நான் நடந்தது, பெரிய வழக்கில் ஜெயித்த வக்கீலின் நடை. மறுநாள் அப்பாவின் வேனும் நேராக மாமல்லபுரத்துக்கே போய் நின்றது.

அக்கா பிற்பாடு நல்ல மார்க்கே வாங்கினாள். ஆனால் ரிசல்ட் வருவதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் சட்டம் மேலே செல்லுபடியாகாமல், அவளுக்கு மார்க் குறைந்துவிட்டால்? ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில், பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், மண்டியிட்டு, ஐஸ்கட்டி வரை ஒன்றுவிடாமல் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன்.

பரிகாரமாக எத்தனை ஜெபமாலை சொல்லச் சொல்வாரோ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தவக்காலத்தில் அவரும் காபியை விட்டிருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? திரைக்கு அந்தப் பக்கமிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது.

"தூளு எவ்ளோடா போட்ட?"