அம்மா கால் நீட்டி உட்கார்ந்த காலை

பத்து காஜா ஊர்ச் சாலையில், சிவப்பு விளக்குக்காக எங்களுக்கு முன்னால் ரப்பர் கட்டிப்பால் ஏற்றிய லாரி நின்றது. நாற்றம் தாங்காமல் மகள் கார்க் கண்ணாடியை ஏற்றினாள். எனக்கு அது அம்மாவின் சேலை வாசம்.

நான் சிறுமியாக இருந்தபோது ரப்பர் தோட்டத்தில் அம்மாவும் அப்பாவும் பக்கத்துப் பக்கத்து மர நிரையில் ஒரே அளவு பால் வெட்டினார்கள். பெண் என்பதால் அம்மாவுக்குச் சம்பளம் குறைவு. தொழிலாளர் சங்கம் சமச் சம்பளம் கேட்டது. "ரொம்பக் கேட்டா பொம்பளைங்கள கூலி கொறஞ்ச புல்லு வெட்டுற வேலைக்கு அனுப்பிருவாங்க" என்று கங்காணி பயமுறுத்தினார்.

ஒருநாள் விடியலில், பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தை விட்டுப் பெண்கள் நகரவில்லை. முன்னால் அம்மா நின்றாள்.

"உன் பொஞ்சாதிகிட்டச் சொல்லுய்யா" என்றார் கங்காணி.

அப்பா அதிகம் பேசாதவர். வாளியைக் கீழே வைத்தார். "நான் வெட்டுற அளவுதானே அவளும் வெட்டுறா" என்று அம்மா பக்கத்தில் போய் நின்றார். மற்ற ஆண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

வெயில் ஏறியபின், தோட்டத் துரையிடம் பேசப் போயிருந்த சங்கத் தலைவர் ஆபீசிலிருந்து வெளியே வந்தார். "தொரை ஒத்துக்கிட்டாரு. அடுத்த மாசத்துல இருந்து எல்லாருக்கும் ஒரே சம்பளம்லா."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டினாள். நான் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டேன்.

"காலையில இருந்து கால் நடுங்கிக்கிட்டே இருந்துச்சுடி," என்றாள் மெதுவாக. "இப்பத்தான் நின்னுச்சு."