லாச்சப்பலில் ஒரு வாள்காரி

வாள்வீச்சில் என் பிரிவு ஃப்ளூரே: நுனி மழுங்கிய மெல்லிய வாள், எதிராளியின் உடம்பில் பட்டால் எனக்குப் புள்ளி, என் உடம்பில் பட்டால் தோல் கன்றி நீலமாகும். சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்த முடியாத வேலை செய்கிற எல்லோரும் என் துன்பம் அறிவீர்கள்.

பையில் என்ன?

பயிற்சி முடிந்தால் நேரே தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு வருவேன், வீட்டுக்குக் கறிவேப்பிலை வாங்க. தோளில் என் உயரத்துக்கு ஒரு பை. மரக்கறிக் கடை அண்ணைக்கு அது பல மாதம் கீபோர்டாகவே இருந்தது. ஒருநாள், "எப்ப பிள்ளை அரங்கேற்றம்?" என்றார். வாள் என்றேன். நம்பவில்லை. திறந்து காட்டினேன். நுனியைத் தொட்டுப் பார்த்தார். அது குத்தாது என்று கண்டதும் இன்னும் கவலைப்பட்டார்.

"வெள்ளைக்காரரே விட்ட சண்டையை நீ ஏன் பிள்ளை தூக்கிக்கொண்டு திரியிறாய்?"

பொம்பிளை பார்க்க வந்தவை

லா கூர்னெவ் புறநகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. என் கையில் நீலத் திட்டுகள். அம்மா நீளக் கை சட்டை எடுத்து வைத்திருந்தா; நான் போடவில்லை. மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "ஆர் அடிச்சது?" என்று கேட்டா.

"ஒரு இத்தாலிக்காரி. நான் அவளுக்கு இன்னும் கூடக் குடுத்தனான்."

கலியாணத்துக்குப் பிறகு வாளை விட்டுவிடுவீரோ என்றார் மாப்பிள்ளையின் தகப்பன். மாட்டேன் என்றேன். எல்லோரும் எழும்பினார்கள். வாசல் வரை போன தாய் மட்டும் திரும்பி வந்து, என் கையைப் பிடித்து மெல்லச் சொன்னா:

"கோவிக்காதை பிள்ளை, அவன் ஊசி போட்டாலே மயங்கி விழுறவன்."

முழங்கால்

அடுத்த வருடம் ஒரு போட்டியில் முன்னால் பாய்ந்தபோது முழங்கால் சவ்வு கிழிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து, பழையபடி நடக்கலாம், போட்டியை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். என் பயிற்சியாளரும் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமே என்று தொடங்கியிருந்தார். அம்மாவுக்குப் பிரெஞ்சு குறைவு. "என்னவாம்?" என்று கேட்டா. "நடக்கலாமாம்," என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு. இத்தனை வருடமும் இந்த வாளை விடு, கலியாணம் கட்டு என்று சொன்ன அம்மா, டாக்டரை நேராகப் பார்த்தா.

"நடக்கிறதைப் பற்றி ஆர் கேட்டது? எப்ப சண்டைக்குப் போகலாம் எண்டு கேள்."

வீடியோ

காலைத் தேற்றிக்கொண்டு வாள்வீச்சுக்கே திரும்பிப் போனேன். தேசிய அணியில் மிஞ்சியிருந்த ஓர் இடத்துக்கான தேர்வில் கடைசி ஆட்டம் கமீய் என்றவளுடன். என்னைவிட இளையவள், எல்லோருடைய எதிர்பார்ப்பும் அவள்மேல். எங்கள் விளையாட்டில் இருவரும் ஒரே நேரம் குத்தினால் இரண்டு விளக்கும் எரியும். யார் முதலில் தாக்கினார் என்று நடுவர் சொல்வார்; புள்ளி அவருக்கே. பல வருடம் அந்தத் தீர்ப்புகளுக்குத் தலையாட்டியிருக்கிறேன், பிரெஃபெக்சூர் என்கிற அரசு அலுவலகத்தில் விசா யன்னலுக்கு முன்னால் அப்பா தலையாட்டியதுபோல.

சமநிலை. கடைசிப் புள்ளி. இரண்டு விளக்கும் எரிந்தன. நடுவரின் கை கமீய் பக்கம் நீண்டது. அவள் கத்திக்கொண்டு துள்ளினாள். நான் முகமூடியைக் கழற்றி, வீடியோ பாருங்கள் என்றேன். சந்தேகமே இல்லை என்றார் நடுவர். "எனக்கு இருக்கு. பாருங்கள்." அவர் திரைக்கு முன்னால் போய் நின்றார். பிறகு இன்னொரு தடவை ஓடவிட்டார். திரும்பி வந்தபோது கை என் பக்கம் நீண்டது.

கமீய் கை கொடுக்க வந்தாள். கோபம் இல்லை, வியப்புத்தான்.

"நீ கேட்பாய் என்று நான் நினைக்கவே இல்லை."

அந்த வருடம் அணியில் நான் மாற்று ஆட்டக்காரி, பெரும்பாலும் உட்கார்ந்திருந்தது ஓரத்துப் பெஞ்சில்தான், என்றாலும் அந்தப் பெஞ்சையும் எனக்கு யாரும் சும்மா தரவில்லை, குத்தித்தான் வாங்கினேன்.