மஞ்சள் சேராத குழாய்

பொய்யான சந்தோஷத்தை ஒரு மத்தியானம் முழுக்கக் கொடுத்துவிட்டுப் பிறகு பிடுங்கிக்கொண்டால், அது கொடுத்ததா, எடுத்ததா? இதை ஒருவர் என்னிடம் கேட்டார். நான் இருட்டக்காவின் கதையைச் சொன்னேன்.

ரத்தம் சோதிக்கும் ஆய்வகத்தில் அவருடன் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக்காரர் வைத்த பெயர் அது. அறைக்குள் நுழைந்ததும் அக்கா முதலில் விளக்கை அணைத்துவிடுவார். கரண்டை மிச்சம் பிடித்து வீடு கட்டப்போகிறீர்களா என்று கண்ணாடிக்காரர் கிண்டலடிப்பார். உண்மையில் அது சாயத்துக்காக. ரத்தத்தில் உள்ள ஒவ்வொரு வகை வெள்ளை அணுவின் மேலும் அதற்கென்று சில அடையாளங்கள் உண்டு. ஓர் அடையாளத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் பொருள்தான் ஆன்டிபாடி. அதன் வாலில் ஒளிரும் சாயத்தைக் கட்டிவிட்டால், இயந்திரத்தில் லேசர் பட்டதும் அணு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். திரையில் நல்ல அணு ஒரு பக்கம், நோய் பிடித்த கெட்ட அணு ஒரு பக்கம் எனப் புள்ளிக் கூட்டமாக உட்காரும். வெளிச்சம் பட்டால் சாயம் வெளிறிப்போகும்.

அந்த மங்கிய வெளிச்சத்தில் குழம்பாமலிருக்க அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு சாயம் விட்டதும் ரத்தம் இருக்கும் சோதனைக் குழாயை ஸ்டாண்டில் ஒரு குழி தள்ளி வைப்பார். பச்சை விட்டால் ஒரு குழி. சிவப்பு விட்டால் அடுத்த குழி. பிறகு மஞ்சள். யோசிக்கவே வேண்டாம், கை பார்த்துக்கொள்ளும்.

அவருடைய தம்பி பஸ் டிரைவர். ரத்தப் புற்றுநோய் வந்து, முடியெல்லாம் கொட்டி, மறுபடி முளைத்து, எப்போது ஸ்டியரிங்கைப் பிடிப்போம் என்று துடித்துக்கொண்டிருந்தான். நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க அவன் ரத்தம் அதே அறைக்கு வந்தது. சொந்தக்காரர் ரத்தத்தை வேறொருவர்தான் தொட வேண்டும் என்பது அங்கே வழக்கம். கண்ணாடிக்காரர் குழாயை வாங்கக் கையை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. சின்ன வயதில் தலை வாரிவிட்டதிலிருந்து அவனுக்கு எல்லாமே நம் கையால்தானே செய்தோம் என்று நினைத்தார்.

பச்சை விட்டார். சிவப்பு விட்டார். அப்போது பையில் இருந்த போன் அதிர்ந்தது. தம்பியாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை, ஆனால் மனசு அங்கே போய்விட்டது. கை பழக்கத்தில் குழாயை அடுத்த குழிக்குத் தள்ளியது. மஞ்சள் உள்ளே போகவே இல்லை.

திரையில் மஞ்சள் ஒட்டிய கெட்ட அணுக்கள் சேரும் மேல்மூலை வெறிச்சென்று கிடந்தது. அக்கா வராந்தாவுக்கு ஓடி, தம்பியைப் போனில் கூப்பிட்டார்.

"ஒண்ணுமில்லடா. சுத்தமா இருக்கு."

தம்பி, தன் மகளை முன் சீட்டில் உட்காரவைத்து பஸ் ஓட்டப்போவதாகச் சொன்னான். "நீயும் வா. ஆனா அக்கான்னு சொல்லி ஓசியில ஏறிடாத."

சாப்பிட்டு வந்து, அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன் அக்கா திரையை மறுபடி பார்த்தார். மேல்மூலை மட்டுமல்ல, மஞ்சள் விழ வேண்டிய பக்கம் முழுவதுமே காலி. நல்ல அணுக்களிலும் சிலவற்றில் மஞ்சள் ஒட்டியே தீரும். ஒன்றிலும் இல்லையென்றால் சாயமே சேரவில்லை என்று அர்த்தம்.

மிச்ச ரத்தத்தைக் கண்ணாடிக்காரரிடம் கொடுத்தார். அவர் மூன்று சாயத்தையும் விட்டு மறுபடி இயந்திரத்தில் வைத்தார். இந்த முறை மேல்மூலையில் புள்ளிகள் ஒன்றிரண்டாக விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூட்டமாகத் திரண்டன.

போனில் சொல்லாமல் அக்கா தம்பியின் வீட்டுக்கே போனார். தம்பி வேலைக்குப் போடும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். குழி, போன், மஞ்சள் என்று அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். எல்லாம் தன் கை செய்த தப்பு என்று அழுதார்.

"உன் கையா நோயக் கொண்டுவந்துச்சு? மத்தியானம் பூரா நான் நல்லா இருந்தேன்க்கா. அதையும் தப்புன்னு சொல்லிடாத."

அடுத்துக் கொடுத்த மருந்து வேலை செய்யவில்லை; தம்பி மறுபடி பஸ் ஓட்டவே இல்லை. அந்தச் சட்டை ஆணியிலேயே தொங்கியது.

அக்கா இன்னும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் வேலை பார்க்கிறார். கூட இருப்பவர்களின் சொந்தக்காரர் ரத்தம் வந்தால் குழாயை வாங்கக் கையை நீட்டுகிறார். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள். அப்படி ஒரு கை நீண்டால், குழாயைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.