முழங்காலிடும் வரிக்கு முன்

மலை ஊரான தலைச்சோலைக்கு மேலே இருந்த கன்னியர் மடத்தில் ஆராயி பதினெட்டு வருடம் சமைத்தாள். அவள் கும்பிடுவது மலைச்சாமி சேர்வராயனை. ஆனாலும் சிஸ்டர்கள் பெரிய நாட்களில் பாடும் லத்தீன் புகழ்ப்பாட்டு அவளுக்கு அத்துப்படி. அர்த்தம் தெரியாது. வாத்தியம் எதுவும் இல்லாமல், மடத்தின் ஏழு பேரும் ஒரே குரலாக ஏறி இறங்கிப் பாடுவார்கள். பாதிக்கு மேல் ஒரு வரியில் எல்லோரும் மண்டியிடுவார்கள். சமையலறைச் சுவருக்கு அப்பால் பெஞ்சுகள் முனகும். அப்போது டீக்குத் தண்ணீர் வைத்தால் பாட்டு முடியச் சரியாக இருக்கும்.

சிஸ்டர் மரியா துறவியாகி ஐம்பது வருடம் நிறைந்த நாள், மழை பிடித்து நான்காவது நாள். காலையில் குழாயில் செம்மண் தண்ணீர் வந்தது. பத்து மணிக்கு அதுவும் நின்றது. ஆராயி பின்னால் போய், குழாய்க்குத் தண்ணீர் வரும் ஊற்றைப் பார்த்தாள். கோடையிலும் வற்றாத ஊற்று, கொட்டுகிற மழையில் வறண்டு கிடந்தது. திரும்பி வந்தால், சமையலறைக் கதவு நிலையில் சிக்கி அசைய மறுத்தது.

மாரமங்கலம் பக்கம் அவள் அண்ணன் சித்தனின் காப்பித் தோட்டம் மண்ணோடு சரிந்த அன்றும் அங்கிருந்த ஊற்று இப்படித்தான் நின்றது. அண்ணனின் உடல் கிடைக்கவே இல்லை.

மடத்தலைவி சிஸ்டர் சுஜாதாவிடம் ஓடினாள்.

“ஏனுங்க சிஸ்டர், ஊத்து நின்னு போச்சுங்க. மலை எறங்கப் போவுதுங்க. எல்லாரும் ரோட்டுக்குப் போயிரலாமுங்க.”

“பயப்படாதீங்க ஆராயி. பாட்டு முடியட்டும், போயிரலாம்.”

பாட்டு தொடங்கியது. சமையலறையின் வெளிச்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் விட்டிருந்தது. பாதத்துக்கு அடியில், மாவு மில் ஓடுவது போல் தரை அதிர்ந்தது. அந்த வரி நெருங்கிக்கொண்டிருந்தது. மண்டியிட்டுவிட்டால் போச்சு. சிஸ்டர் சுஜாதாவைத் தவிர எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஒருவரை ஒருவர் பிடித்து எழவே ஐந்து நிமிடம் ஆகும்.

பாட்டு நடக்கும்போது அவள் ஒருநாளும் ஆலயத்துக்குள் போனதில்லை. அன்று சேற்றுக் காலோடு நுழைந்தாள்.

“முட்டி போட்டுறாதீங்க! வெளிய வாங்க!”

பாட்டு அறுந்தது. சிஸ்டர் மரியாவின் முகம் சிவந்தது. “கடவுள் முன்னாடி என்ன பண்றே நீ?”

ஆராயி அவரை அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தாள். வேறு வழியில்லாமல் மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

ரோட்டில் நின்று ஏழு தலைகளையும் எண்ணி முடித்த பிறகுதான் சத்தம் கேட்டது. முதலில் சமையலறை போனது. பிறகு பீடத்தோடு ஆலயம் போனது. கோபுரமணி தானாக ஒருமுறை அடித்தது. மண்ணுக்குள் போய்விட்டது.

சிஸ்டர்களைச் சேலத்துக்கு அனுப்பினார்கள். வேனில் ஏறும்போது சிஸ்டர் மரியா அவள் கையைப் பிடித்து அழுதார். “என்னை மன்னிச்சிரு கண்ணு.”

மழை விட்டபின் மலையை அளக்க வந்தவர்கள், விரிசல் கீழே ஊருக்குள்ளும் இறங்குகிறது என்றார்கள். ஆராயியின் வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு எண் எழுதினார்கள்.

“எப்பங்க ஊட்டைக் காலி பண்ணோணும்?”

“சொல்லி அனுப்புறோம்மா.”

இன்னும் யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஐப்பசி பிறந்துவிட்டது. கிழக்கே மேகம் கட்டுகிறது.