இபு ரெத்னோவின் பூச்சுவர்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடப் படம் போட்ட இபு ரெத்னோவைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். பெண்களை இபு என்றும் ஆண்களைப் பாக் என்றும் மரியாதையாகக் கூப்பிடுவது எங்கள் ஜாவா வழக்கம். நம்பாதீர்கள். அந்தச் சுவரைக் கட்டிய கொத்தன் நான். கெடுத்தவனும் நான்தான்.

நிலநடுக்கத்தில் பழைய பள்ளி விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகள் தார்ப்பாய்க்கு அடியில் படித்தார்கள். மழை வந்தால் பாடம் கிடையாது. அப்போதுதான் யோக்யா நகரத்திலிருந்து இபு ரெத்னோ மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முப்பது வயதுகூட இருக்காது. ஒல்லிக்குச்சி உடம்பு, முதுகில் படச்சுருள். அவருக்கு இதுதான் முதல் கட்டடம் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வந்த அன்று மனையை அளக்கவே இல்லை. வீடு வீடாகப் போய்ப் பெண்களைப் பெட்டி திறக்கச் சொல்லி, மெழுகுக் கோலம் போட்டுச் சாயம் தோய்த்த பாத்திக் துணிகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி வியாபாரியோ என்றுகூட நினைத்தேன். கடைசியில் துருந்தும் என்கிற துணி ஒன்றை எடுத்து, இதுதான் பள்ளிக்கூடம் என்றார். பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் பெற்றவர்கள் கட்டிக்கொள்வார்களே, கறுப்பில் பொடிப்பொடியாகப் பூ, அதுதான்.

கற்களை நாங்களே மெராப்பி எரிமலை மணலில் வார்த்தோம். ஒவ்வொரு கல்லிலும் காற்று வர ஒரு மூலையில் முக்கோணத் துளை. நாலு கல்லை நாலு பக்கம் திருப்பி வைத்தால் நடுவில் ஒரு பூ விழுமாம்; அது எனக்கு அப்போது பிடிபடவில்லை. அவரும் எங்களோடு உட்கார்ந்து வார்த்தார். மத்தியானம் எங்கள் வீட்டுச் சம்பலைத் தொட்டுக்கொண்டு, மூக்கு ஒழுக ஒழுக, காரமே இல்லை என்று பொய் சொல்வார். எனக்கு மகள் இல்லை. இருந்தால் இப்படித்தான் பொய் சொல்வாள் என்று தோன்றும்.

அவர் வேறொரு வேலையாகப் போயிருந்த இரண்டு வாரத்தில்தான் சுவர் எழுந்தது. படத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் குட்டியாக அம்புக்குறி போட்டிருந்தார். என் கண்ணுக்கு அது சரியாகத் தெரியவில்லை. இளையவர்களிடம் கேட்க வெட்கம். மழைக்கு முன் முடிக்கும் அவசரம் வேறு. எல்லாக் கல்லையும் ஒரே பக்கமாக வைத்துக்கொண்டே போனேன். சாரத்தில் நிற்பவனுக்குச் சுவர் மூக்குக்கு நேரே இருக்கும், கோலமா தெரியப்போகிறது?

சார மூங்கிலைப் பிரித்த அன்று சாலையில் சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். நானும் சாலைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். சுவர் முழுக்க முக்கோணமும் சதுரமுமாக ஸ்லோபோக். செத்தவர்களைப் போர்த்தும் துணி. அதைப் பள்ளிக்கூடத்துக்குப் போர்த்திவிட்டேன்.

எங்கள் ஊர் இபு மார்சியாவின் புருஷன் இறந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் வகுப்பில் சேர வேண்டிய அவருடைய மகள் வெனிங் வாசலில் நின்று, "அப்பாவ மூடின துணி" என்று சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. மறுநாள் ஒரு பிள்ளைகூட வரவில்லை. அந்தச் சுவருக்குள் அனுப்ப மாட்டோம், தார்ப்பாயே போதும் என்றுவிட்டார்கள் தாய்மார்கள்.

ஊர்த்தலைவர் கூட்டம் போட்டு யார் தவறு என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னே இபு ரெத்னோ எழுந்து, படம் என்னுடையது, தவறும் என்னுடையது என்றார். முதல் கட்டடத்திலேயே பெயர் கெடப்போகிறது என்று தெரிந்துதான் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் என்னை முறைத்தார். "உக்காருங்க பாக் கார்சோ. எறும்புக்கு மட்டும் தெரியிற மாதிரி அம்பு போட்டது யாரு? நான்தானே?"

கூட்டம் சிரித்துவிட்டது. அதற்குமேல் யாரும் தவறைப் பற்றிப் பேசவில்லை. நாலில் மூன்று கல்லைப் பெயர்த்துத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான் என்று அவர் சொல்ல, மறுநாள் காலையில் ஊரே உளியோடு வந்தது.

பதினோரு நாள் பெயர்த்தோம். தினமும் வெனிங் வந்து எதிரே குந்திப் பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசி நாள் முதல் வகுப்பின் மூலையில் நாலே கல் பாக்கி. உளியை வைத்தேன். அவள் ஓடி வந்து இபு ரெத்னோவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத மட்டும் திருப்பாதீங்க இபு. அப்பாவோடது ஒண்ணு இருக்கட்டும். நான் இங்கயே உக்காந்துக்கிறேன்."

இபு மார்சியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இபு ரெத்னோ யாரையும் கேட்கவில்லை. சுண்ணக்கட்டியால் அந்த நாலு கல்லைச் சுற்றிக் கோடு போட்டு, உளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எனக்கும் கண்ணை நீர் மறைத்துவிட்டது. சொல்வதில் என்ன வெட்கம்?

மறுநாள் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். வெனிங் அந்த மூலையில்தான் உட்கார்ந்தாள். சுவரில் அத்தனை பூவுக்கு நடுவே ஒரு இடத்தில் மட்டும் பூ விழவில்லை. பார்க்க வருகிறவர்கள் அங்கே கொத்தன் தப்பு செய்துவிட்டான் என்பார்கள். ஆமாம், தப்புதான் என்று சொல்லிவிடுவேன்.