அசையாமல் கிடந்த இரண்டு நிமிடம்

ஜெஸிக்கு ஊர் பாறசாலை. பதினான்கு வருடமாக வீடுகளில் தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் நர்ஸ் வேலை. கணவர் ரெத்தினதாஸ் கொத்தனார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் ஊருக்குப் போய்விட்டு மாலையில் திரும்பிவிடுவாள்.

போன வருடம் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் பொன்னையன் வீட்டுக்கு வந்தாள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் கைகாலும் பேச்சும் போய்விட்டன. மகள் ஸ்ரீகுமாரி வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருந்தாள். படுக்கைப்புண் வராமலிருக்க, இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பொன்னையனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மதியம் அவருக்குக் கஞ்சி கொடுத்து முடித்ததும், ஸ்ரீகுமாரி கடையை அடைத்துவிட்டு வந்து அப்பா பக்கத்தில் உட்காருவாள். அந்த ஒன்றரை மணி நேரம்தான் ஜெஸிக்கு நிம்மதியான உறக்கம்.

மூன்றாம் மாதம் ஒரு மதியம், மல்லாந்து படுத்திருந்தவளுக்கு விழிப்பு வந்தது. ஃபேன் சுற்றுவது தெரிந்தது. ரோட்டில் மீன் வண்டியின் ஹாரன் கேட்டது. கையும் காலும் மட்டும் அசையவில்லை. வாசலில் கறுப்பாக யாரோ நிற்பது போலிருந்தது. அந்த ஆள் வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது போல மூச்சு முட்டியது. கத்திப் பார்த்தாள், சத்தம் வரவில்லை. பிறகு அந்தப் பிடி தானாகவே விட்டது. எழுந்தபோது சேலை வேர்வையில் நனைந்திருந்தது.

“அது அமுக்குவான் பேயாக்கும். நீ வேற வீடு பாரு,” என்றார் ரெத்தினதாஸ். அவள் தலையணைக்கு அடியில் பைபிளை வைத்துப் படுத்தாள். அப்படியும் வாரத்தில் இரண்டு நாள் வந்தது.

பிரஷர் மாத்திரை வாங்கப் போன இடத்தில் டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“ராத்திரி எத்தற மணிக்கூறு ஒறக்கம் உண்டு?” என்று கேட்டார் அவர்.

“சேத்து வச்சா மூணு.”

“பின்ன எப்படி? மூளை முழிச்சாச்சு, தேகம் இன்னும் ஒறக்கத்துல கிடக்குது. அவ்வளவுதான். ஆரும் நெஞ்சில ஏறல்ல.”

நிறையப் பேருக்கு வருவதுதான் என்றார். உறக்கம் குறைவதும், நேரம் தப்பி உறங்குவதும், மனக்கவலையும், மல்லாந்து படுப்பதும் சேர்ந்தால் அடிக்கடி வருமாம். ஒருபக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொன்னார். வந்துவிட்டால் பதறாமல், சுண்டுவிரலை அசைத்துப் பார்க்கச் சொன்னார்.

அந்த வாரம் வியாழக்கிழமை மறுபடியும் வந்தது. இந்தத் தடவை பயம் அவ்வளவு இல்லை. பக்கத்து அறையில் அப்பா அருகில் இருந்தபடியே ஸ்ரீகுமாரி, மஸ்கட்டில் இருக்கும் தம்பி ஜெயனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“என்னால முடியல்லடா. அப்பாவை தெய்வம் சீக்கிரம் விளிச்சா நல்லதாக்கும்.” அழுதாள்.

ஒரு வார்த்தை விடாமல் ஜெஸிக்குக் கேட்டது. ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. அப்போதுதான் பொன்னையனை நினைத்தாள். அவரும் அங்கே இப்படித்தானே கிடக்கிறார்? அவருக்கு ஒன்றும் புரியாது என்று இந்த வீட்டில் எல்லாரும் நம்பியிருந்தார்கள். அவளும்தான்.

உடம்பு அசைய ஆரம்பித்ததும் எழுந்தாள். ஸ்ரீகுமாரி கடை திறக்கப் போகும் வரை காத்திருந்துவிட்டு, பொன்னையனின் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

“மாமா, நான் சொல்லியது கேக்குதுண்ணா கண்ணை ஒருக்கா மூடித் தொறங்க. இல்லைண்ணு சொல்ல ரெண்டு தடவை.”

மூடித் திறந்தார்.

“எனக்குப் பேரு ஸ்மிதாவா?”

இரண்டு தடவை.

அவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று மாதக்கணக்காகக் காலையிலிருந்து இரவு வரை சீரியல் ஓடிக்கொண்டிருந்த டிவியைக் காட்டினாள். “இது வேணுமா?”

இரண்டு தடவை, இறுக்கி மூடினார். ஓடிப்போய் நிறுத்தினாள்.

சாயங்காலம் ஸ்ரீகுமாரியிடம் மெதுவாகச் சொன்னாள். “மக்கா, அப்பாவுக்கு எல்லாம் கேக்குது. புரியவும் செய்யுது.”

ஸ்ரீகுமாரி கையிலிருந்த துணியை வைத்துவிட்டாள். “அக்கா, நான் மத்தியானம் பேசினது?”

“கேட்டிருப்பாரு.”

அவள் உள்ளே போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “நான் அப்படிச் சொல்லியிருக்கப்பிடாது. தனியா முடியல்லப்பா,” என்றாள். அவர் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார்.

மறுவாரத்திலிருந்து வாரம் மூன்று இரவுகள் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும் வேலையை ஸ்ரீகுமாரி எடுத்துக்கொண்டாள். ஜெயன் தினமும் சாயங்காலம் வீடியோவில் வந்து அப்பாவிடம் நேராகப் பேசுகிறான். ஜெஸி இப்போது சாய்ந்துதான் படுக்கிறாள். அந்த அமுக்கம் முழுதாகப் போகவில்லை, மாதத்தில் ஒருமுறை வரும். ரெத்தினதாஸ் வேறு வீடு பார்க்கச் சொல்வதை இன்னும் விடவில்லை.

“அங்க கேள்வி கேட்டா பதில் சொல்ல ஒரு ஆளு உண்டு. விட்டுட்டு வரமாட்டேன்,” என்பாள் அவள்.