மூடின கூடைக்கு நான் கேட்ட விலை

போன வருடம் அறுப்பின் பண்டிகை ஞாயிறு. ஜவ்வாது மலையடிவாரத்தில், ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் சர்ச். பூசணிக்காய், கேழ்வரகு, முட்டை, கோழி என்று சபையார் காணிக்கையாகக் கொண்டு வருவதை ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம் விடுவது எங்கள் வழக்கம். பதினைந்து வருடமாக அந்த ஏலத்தை விட்டவன் நான். மற்ற நாளெல்லாம் மிக்ஸி ரிப்பேர் செய்கிறவன்தான். அந்த ஒரு நாள் மைக் கையில் கிடைத்தால், ஊரைச் சிரிக்க வைத்தே ஒற்றை முட்டையைக் கோழி விலைக்கு விற்றுவிடுவேன்.

அந்த வருடம் மைக் எனக்கு இல்லை. பள்ளிக்கூடம் படிக்கிற ஏழெட்டுப் பிள்ளைகள் ஆயரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். மலைமேல் ரோடு இல்லாத ஒரு ஊரில், பிரசவ வலி எடுத்தால் போர்வையை மூங்கிலில் கட்டித்தான் தூக்கி வருகிறார்களாம். அவர்களுக்கு ஒரு மடக்கு ஸ்ட்ரெச்சர் வாங்க வேண்டும், ஏலத்தை நாங்களே நடத்துகிறோம் என்று. ஆயர் சரி என்றுவிட்டார்.

உங்களுக்கு வருத்தமில்லையே என்று ஆயர் கேட்டார். இல்லவே இல்லை என்றேன். ஏலம் விடப்போகிற பெண், பதினொன்றாவது படிப்பவள், கடைக்கே வந்து அதையே கேட்டாள். இல்லம்மா, சந்தோஷம்தான் என்றேன். என் மனைவி மட்டும், "இன்னாங்க, மூஞ்சி ஏன் உர்ருனு கீது? பொறாமையா?" என்றாள். எனக்கா, சின்னப் பிள்ளைகள் மேலா என்று சிரித்துக் காட்டினேன். அன்றைக்குச் சாப்பிட்ட இட்லி நெஞ்சிலேயே நின்றது.

பண்டிகையன்று விடியுமுன்பே கடைக்குப் போய், வேலை இல்லாத கடையில் உட்கார்ந்து முறைத்துவிட்டு, நேராக சர்ச்சுக்கு வந்தேன். அவள் சொதப்புவாள் என்று காத்திருந்தேன். அவள் சொதப்பவில்லை. பூசணிக்காய் போன விலையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஜனம் சிரித்தது. நான் நின்ற இடத்தில் இன்னொருத்தருக்கு ஜனம் சிரிப்பதைப் பின்வரிசையிலிருந்து கேட்பது பல்வலி மாதிரி இருக்கும். பட்டால்தான் தெரியும்.

என் பக்கத்தில் ஒல்லியாக ஒருவர், சாமை மூட்டையோடு வந்தவர், கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மலை ஊர்க்காரர். மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவமாம். ஸ்ட்ரெச்சருக்கு இன்னும் கொஞ்சம்தான் குறைகிறது என்று மைக்கில் சொன்னபோது அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் என் வயிற்றெரிச்சலில்தான் இருந்தேன்.

கடைசியாக ஒரு மூடின கூடை வந்தது. உள்ளே என்னவென்று சொல்லமாட்டார்களாம், தைரியமிருந்தால் கேட்கலாமாம். கூட்டம் அப்படியே எழுந்து முன்னால் வந்தது. பதினைந்து வருடத்தில் எனக்கு ஏன் இந்த யோசனை வரவில்லை? எடுத்த எடுப்பில் விலையைத் தூக்கிவிட்டால் மற்றவர்கள் பின்வாங்குவார்கள், ஆட்டம் அங்கேயே செத்துவிடும், அவள் முழிப்பாள் என்று கணக்குப் போட்டு ஒரு விலை சொன்னேன். எதிரே ஒருவர் கூட்டினார். நான் இன்னும் கூட்டினேன். மூன்றாவது தடவை நான் சொன்னது என் பத்து நாள் வருமானம். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் புத்தி வந்தது. எனக்கு முன்னால் நின்ற வாத்தியார் எப்போதும் ஏலத்தில் விடாமல் கேட்பவர். அவர் காதில் கெஞ்சினேன். "சார், ஒரு அம்பது சேத்துக் கேளுங்க சார்."

"இன்னாத்துக்குபா? ஆசப்பட்டுட்ட, நீயே எடுத்துக்கோ."

முதுகில் வேர்வை ஓடியது. கர்ச்சீப் என்று நினைத்துக் காணிக்கைக் கவரால் முகம் துடைத்தேன். ஒரு தரம் என்றாள். ரெண்டு தரம் என்றாள். கொஞ்சம் நிறுத்தி, பதினைந்து வருடமாக நான் சொல்லிவந்த அதே வசனத்தை, என் இழுவை மாறாமல் என் மேலேயே போட்டாள்: "அங்கிள், வூட்ல கேட்டுட்டு வர்றீங்களா? வண்டி நிக்காது."

வேப்பமரமே சிரித்தது போலிருந்தது. மூணு தரம். அந்த நொடியில் கூடைக்குள்ளிருந்து ஒரு சேவல் கூவியது.

பரிச்சயமான குரல். கூடையைத் தூக்கினார்கள். ஒரு காலை நொண்டுகிற சேவல், காலில் என் பழைய நீல லுங்கிக் கிழிசலால் கட்டு. எங்கள் வீட்டுச் சேவல். "அட, இது இவரு வூட்டு சேவலாச்சே!" என்று யாரோ கத்தினார்கள். நான் கடையில் முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் என் மனைவி காணிக்கையாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். பெண்கள் பக்கம் பார்த்தேன். முந்தானையால் வாயை மூடிக் குலுங்கிக்கொண்டிருந்தாள். ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த சீடன், சேவல் கூவியதும் அழுத கதை பைபிளில் உண்டு; மூன்று பேரிடம் இல்லை இல்லை என்று சாதித்துவிட்டுச் சேவல் சத்தம் கேட்டால் எப்படியிருக்கும் என்று சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெண் மைக்கை வைத்துவிட்டு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள். "வேணாம்னா திருப்பிக் குடுத்துடுங்க அங்கிள். இன்னொரு தபா வுட்டுக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

தப்பிக்க வழி கிடைத்த சந்தோஷத்தில் வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்திலிருந்த மலை ஊர்க்காரர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க வூட்டுச் சேவல நீங்களே இம்மாம் வெல குடுத்து எடுத்துகினீங்களே சார். எங்களுக்காகத்தானே?"

கண் கலங்கியிருந்தது. கையெடுத்துக் கும்பிட்டார். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் அந்த முகம் என்ன ஆகும்? தலையை ஒரு மாதிரி ஆட்டி வைத்தேன். சேவலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பணத்தை நாலு தவணையில் கட்டி முடித்தேன்.

ஸ்ட்ரெச்சர் அடுத்த வாரமே மலையேறியது. அவர் மனைவியை அதில்தான் இறக்கி வந்தார்கள், பெண் குழந்தை. இந்த வருடமும் மைக் அந்தப் பெண்ணிடம்தான். பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள், நாலாவது தடவையும் இல்லையென்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. நொண்டிச் சேவல் இப்போதும் எங்கள் வீட்டில் கூவுகிறது. அது கூவும்போதெல்லாம், எனக்குச் சேராத ஒரு கும்பிடை வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு நாளாவது அதற்கு உரிய ஆளாக இருந்து பார்த்துவிட வேண்டும் என்ற நினைப்போடுதான் எழுந்திருக்கிறேன்.